உப்புக் குவியலுக்கு முன்னால் மூன்று நிமிடம்

வி.சி.ஆருக்குப் பின்னால் செருகியிருந்த மஞ்சள் ஒயரை இழுத்தேன், வரவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்ததும் கையோடு வந்தது. முனை முழுக்கப் பச்சை பூத்திருந்தது. நம் மரக்காணத்துக் காற்று எதைத்தான் விட்டு வைத்தது? ஜன்னல் கம்பி, ஃபேன் இறக்கை, என் முழங்கால் என்று எல்லாவற்றையும் தின்றுவிட்டது. அந்தப் பச்சையை மூக்கருகே கொண்டுபோனேன். பழைய பித்தளையும் உப்பும் சேர்ந்த அந்த வாடை வந்ததுதான் தாமதம், நீ வந்து பக்கத்தில் நின்றுவிட்டாய். ஒயர் முனையை வாய்க்கு நேரே பிடித்து ஃபூ என்று ஊதுவாய். முந்தானையால் துடைத்து, "இப்பப் போடு" என்பாய். "ஊதாதடி, எச்சி பட்டா இன்னும் பச்சை புடிக்கும்" என்று நான் கத்துவேன். நீ என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இன்னொரு தடவை ஊதுவாய்.

நீ போய்ச் சேர்ந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிவிட்டது. இத்தனை நாளில் உனக்கு ஒரு வரி எழுதவேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை. எழுதி எங்கே அனுப்புவது? இப்போது எழுத வைத்தவள் உன் மகள்.

பவித்ரா பத்து நாளைக்கு முன்னால் கடைக்கு வந்தாள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நாம் இருந்த அதே கடைதான். வீடியோ மிக்ஸிங் போர்டு போய் வெகு காலம் ஆகிறது. இப்போது ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் அப்ளிகேஷன். காலையிலிருந்து சாயங்காலம் வரை யாரோ ஒருவருடைய அப்பா பெயரில் எழுத்துப் பிழை திருத்திக்கொண்டிருக்கிறேன். கண் எரிகிறது, இடுப்பு விட்டுப் போகிறது. அன்றைக்கும் அந்த அலுப்பில்தான் உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் யூனிஃபார்மோடு ஒரு பெண் வந்து மேஜைமேல் ஒரு வி.எச்.எஸ். கேசட்டை வைத்தாள். உன் கையெழுத்து. 'டெஸ்ட். யாருக்கும் குடுக்காதே.'

"ஸ்டெல்லா ஆன்ட்டி நீங்கதானே? வானூர்ல எங்க அத்தை வீட்டு டிரங்குப் பொட்டியில இருந்துச்சு. இதுல எங்கம்மா இருக்காங்களாம்."

நீ போனபோது அவளுக்கு ஒன்றரை வயது. அவள் அப்பா வேறு கல்யாணம் பண்ணிக்கொண்டார், அவருடைய அக்காதான் வளர்த்தாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். போய்ப் பார்த்ததில்லை. ஏன் போகவில்லை என்று கேட்காதே. "போட்டோ ஒண்ணு இருக்குமேம்மா" என்று ஏதோ உளறினேன்.

"இருக்குது ஆன்ட்டி. ரேஷன் கார்டுக்கு எடுத்தது. அதுல யாரையோ பார்த்துப் பயந்த மாதிரி நிக்கிறாங்க. எங்கம்மா எப்படி நடப்பாங்க, எப்படிப் பேசுவாங்க, கோவம் வந்தா என்ன பண்ணுவாங்க, ஒண்ணுமே தெரியாது எனக்கு. யாரைக் கேட்டாலும் ரொம்ப நல்லவங்க, ரொம்ப நல்லவங்கன்னு மட்டும் சொல்றாங்க."

பிறகு அவள் கேட்டது இன்னும் குத்தியது. "அவ்ளோ கல்யாணம் எடுத்திருக்காங்களே, அந்தக் கேசட்டுங்க எதுலயாச்சும் அவங்க குரல் இருக்காதா?"

இருந்தது. எல்லாவற்றிலும் இருந்தது. நலங்கு வைக்கும்போதும் மஞ்சள் நீராட்டின்போதும் உள்ளே ஆம்பள கேமரா வரக் கூடாது என்பார்கள். அதனால்தானே உன்னைத் தேடி வந்தார்கள். கோட்டக்குப்பத்தில் நிக்காஹ் என்றாலும் பெண்கள் பக்கம் எடுக்க நீதான். கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு, "ஏய் ஆயா, கொஞ்சம் நகரு, பொண்ணு மூஞ்சி தெரியல", "அக்கா, அழுவாத, ஃபோகஸ் போவுது" என்று ஓயாமல் பேசுவாய். அதையெல்லாம் கடைக்குக் கொண்டுவருவாய். நான் உட்கார்ந்து முதல் காரியமாக உன் குரலைத் துடைத்துவிட்டு, மேலே சினிமாப் பாட்டைப் போடுவேன். அப்போது ஊரில் எல்லோருமே அப்படித்தான் செய்தோம். கல்யாண கேசட் என்றால் தொடக்கத்திலிருந்து முடிவு வரை பாட்டு ஓடவேண்டும், நடுவில் பேச்சு வந்தால் வீட்டுக்காரர்கள் குறை சொல்வார்கள். மிக்ஸிங் முடிந்ததும் நீ எடுத்த மூலக் கேசட்டிலேயே அடுத்த கல்யாணத்தைப் பதிவு செய்வோம். ஒரு ஊரே ஆடிப் பாடி அழுததை எல்லாம் எடுத்தவள் நீ. உன் குரல் ஒரு வார்த்தைகூட மிச்சமில்லை. அழித்தது நான். அந்தப் பெண்ணிடம் இதை வாய் விட்டுச் சொன்னேன். அவள் கோபப்பட்டிருந்தால் தேவலை போல இருந்தது. "சரி ஆன்ட்டி, இதையாவது பாருங்க" என்று கேசட்டை என் பக்கம் தள்ளினாள்.

அந்தக் கேசட் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. நாம் இருவரும் சேர்ந்து பழைய கேமரா ஒன்றை வாங்கிய மறுநாள் எடுத்தது. விசேஷம் இல்லாத நாட்களில் நீ உப்பள வேலைக்குப் போவாய். சேலைமேல் உன் வீட்டுக்காரருடைய நீலச் சட்டை, தலையில் துண்டு, கால் விரலிடுக்கெல்லாம் வெடிப்பு. கேமரா அக்காவை அந்தக் கோலத்தில் யாரும் பார்க்கக் கூடாது என்பதில் நீ ரொம்பக் கறார். ஆனால் கேமராவைச் சோதிக்க உப்பளத்தைவிட நல்ல இடம் கிடையாது என்றும் நீயேதான் சொன்னாய். "இந்த வெளிச்சத்துல தாங்குச்சுன்னா எங்கயும் தாங்கும்" என்றாய். காலை எட்டு மணி. பாத்தியில் தண்ணீர் இறைக்கிற இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. நீ கேமராவைத் தோளில் தூக்கியதுமே, "எப்பவும் நீயே எடுக்கிற, ஒரு தடவை நீ போய் நில்லு" என்று கேமராவைப் பிடுங்கிக்கொண்டேன். நீ உப்புக் குவியலுக்கு முன்னால் போய் நின்று கத்தினாய்.

"பின்னாடி வெள்ளையா இருக்குது பாரு, ஆட்டோவ ஆஃப் பண்ணிட்டு எடு! இல்லன்னா என் மூஞ்சி கருத்துரும்!"

"ஏற்கெனவே கருப்புதானேடி!" என்று நானும் கத்தினேன். நீ சிரித்தாய். ஆனால் கேமரா தானாக வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பதை நிறுத்துகிற அந்தப் பட்டன் எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. கடைக்குள் உட்கார்ந்து மிக்ஸிங் செய்கிறவள், பெரிய ஆள், இதுகூடத் தெரியாதா என்று நீ கேலி செய்வாயே என்று வாயைத் திறக்கவில்லை. அப்படியே எடுத்தேன். அந்தக் கேசட்டை நீ மட்டும்தான் போட்டுப் பார்த்தாய். எப்படி வந்திருக்கிறது என்று மறுநாள் கேட்டதற்கு, "கருமம் மாதிரி வந்திருக்குது" என்றாய். அதோடு சரி. பவித்ராவிடம் இதைச் சொன்னபோது, "நீ அப்ப வயித்துல அஞ்சு மாசம்" என்றும் சொன்னேன். "அப்ப நானும் இதுல இருக்கேன்" என்று சிரித்தாள். பல்வரிசை உன்னுடையது.

கேசட்டைத் திறந்து பார்த்தால் ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூஞ்சை. அவள் பஞ்சும் ஸ்பிரிட்டும் கொண்டுவந்தாள். அவள் துடைக்கத் துடைக்க நான் கையால் சக்கரத்தைச் சுற்றினேன். டேப்பு ஒரு பக்கம் சுருண்டு போயிருந்தது, தொட்டால் பழுப்புப் பொடி விரலில் ஒட்டியது. ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் படம் பொடியாக உதிர்ந்து, டேப்பைப் படிக்கிற ஹெட்டில் போய் அடைந்துகொள்ளும். "அஞ்சாறு தடவைக்கு மேல இது தாங்காதும்மா" என்றேன். அவள் முகம் சுருங்கிவிட்டது.

முதல் தடவை போட்டதும் கம்ப்யூட்டரில் உப்பளம் வந்தது. வந்த வேகத்தில் பளீரென்று வெளுத்தது. பிறகு இருண்டது. மறுபடி வெளுத்தது. இரண்டு நொடிக்கு ஒரு தடவை இதே கூத்து. தூரத்தில் நீலமாக ஒரு உருவம் தெரிவதற்குள் மறைந்துவிட்டது. "என்னா ஆன்ட்டி, படம் மூச்சு வாங்குது?" என்றாள் பவித்ரா. நாற்பது நொடியில் நிறுத்திவிட்டேன்.

அந்த நாளில் நமக்கு ஏதாவது கோளாறு வந்தால் நான் உடனே வி.சி.ஆரைத் திறந்து ஸ்க்ரூவைக் கழற்றுவேன். நீ என் கையைத் தட்டிவிடுவாய். "ஒரே எடத்த மூணு வாட்டி ஓட்டிப் பாரு. மூணு வாட்டியும் அதே எடத்துல வந்தா டேப்புல இருக்குது. எடம் மாறி மாறி வந்தா மெஷினு" என்பாய். அது நல்ல யோசனைதான். ஆனால் மூன்று தடவை ஓட்ட இந்தக் கேசட்டில் உயிர் வேண்டுமே. "முழுசா ஒரே வாட்டி ஓட்டிருங்க ஆன்ட்டி, எப்படி வந்தாலும் பரவால்ல" என்று அவள் கெஞ்சினாள். எனக்கும் அதுதான் சுலபம். கடையில் நாலு பேர் காத்துக்கொண்டிருந்தார்கள், தலை வேறு வலித்தது. ஆனால் ஒரு தடவை அரைகுறையாகச் செய்தவள் நான். இன்னொரு தடவை அப்படிச் செய்ய மனசு வரவில்லை. அந்த முதல் நாற்பது நொடியை மட்டும் இன்னும் இரண்டு தடவை ஓட்டினேன். ஒரு தடவை நீ குனியும்போது வெளுத்தது, அடுத்த தடவை அதே இடத்தில் இருண்டது. இடம் மாறி மாறி வந்தது. டேப்பில் இல்லை, மெஷினில்தான் என்று தெரிந்தது.

மெஷின் என்றால் எது? ஹெட்டைத் துடைத்தேன். ஒயரைக் கழற்றினேன், அந்தப் பச்சை அப்போது வந்ததுதான். புது ஒயர் போட்டேன். அப்போதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. வி.சி.ஆரிலிருந்து வரும் ஒயர் இரண்டாகப் பிரிந்து ஒன்று கம்ப்யூட்டருக்கும் இன்னொன்று சுவரில் இருக்கும் பழைய டி.வி.க்கும் போய்க்கொண்டிருந்தது. உனக்கு ஞாபகம் இருக்கிறதா? மிக்ஸிங் நடக்கும்போது டி.வி.யைத் தெருப் பக்கம் திருப்பி வைப்போம். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எல்லாம் யார் வீட்டுக் கல்யாணம் என்று எட்டிப் பார்க்கவேண்டும், அதுதான் நம் விளம்பரம். அந்த இரட்டை ஒயரை நான் எடுக்கவே இல்லை. ஒருவருக்கு வைத்த சோற்றை இருவருக்குப் பிரித்த மாதிரி, இத்தனை வருஷமாகக் கம்ப்யூட்டருக்குக் குறைந்த சிக்னல்தான் போய்க்கொண்டிருந்திருக்கிறது. அதற்குள் எத்தனை பேருடைய கேசட்டை அந்த லட்சணத்தில் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தேனோ. "எல்லாருக்கும் காட்டணும்ங்கிற நம்ம ஊர் புத்தி இது" என்று பவித்ராவிடம் சொல்லிக்கொண்டே கழற்றி எறிந்தேன்.

கொஞ்சம் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. கடைசியில் சந்தேகம், வி.சி.ஆர். படத்தைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றுகிற கேப்சர் பெட்டிமேல் வந்தது. தீப்பெட்டி அளவு, கம்ப்யூட்டரில் செருகுவது. சிக்னல் குறைவாக வருகிறது என்று நினைத்தால் அது தானாகவே வெளிச்சத்தைக் கூட்டும், அதிகம் என்று நினைத்தால் தானாகவே இறக்கும். அதற்குப் பெயர்தான் ஆட்டோ கெயின். படத்தின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாமல் வரும் ஒரு துடிப்பைத்தான் அது அளவுகோலாக வைத்துக்கொள்கிறது. உன் கேசட்டில் அந்தத் துடிப்பே தேய்ந்து போய் ஏறியும் இறங்கியும் வந்தது. பெட்டியும் அதோடு சேர்ந்து ஏறி இறங்கியது. செட்டிங்கில் போய் அந்த ஆட்டோவை ஆஃப் பண்ணலாம் என்று பார்த்தால், அந்தக் கட்டம் சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடந்தது. எத்தனை தடவை அழுத்தினாலும் நகரவில்லை. எனக்கு வந்ததே ஆத்திரம்! நீ ஆஃப் பண்ணச் சொன்ன நாளில் எனக்குப் பட்டன் தெரியவில்லை. பட்டன் தெரிந்த நாளில் அது வேலை செய்யவில்லை. கம்ப்யூட்டரை மூடிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். பவித்ரா டீ வாங்கிவந்து வைத்தாள்.

பழைய டி.வி.டி. ரெக்கார்டர் ஒன்று கிடைத்தால் வழி உண்டு என்று எனக்குத் தெரியும். வி.சி.ஆருக்கும் கேப்சர் பெட்டிக்கும் நடுவில் அதை வைத்தால், அது தேய்ந்த துடிப்பை வாங்கிக்கொண்டு புதிதாக ஒன்றைப் போட்டு அனுப்பும். எல்லா ரெக்கார்டரும் செய்யாது, சிலது செய்யும். கோட்டக்குப்பத்தில் ஒரு பாய் வீட்டில் துபாயிலிருந்து கொண்டுவந்தது ஒன்று இருந்தது. முழங்கால் வலியோடு இரண்டு பஸ் மாறிப் போனேன். பாய்க்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. யாருக்காக என்று கேட்டார். உன்னைச் சொன்னேன்.

"யா அல்லா, அந்தப் புள்ளையா! நம்ம பொண்ணு நிக்காஹ்ல உள்ளாற வந்து எடுத்துச்சே. எங்க வீட்டு பேகத்தையே அதட்டி உக்கார வச்ச புள்ளையாச்சே. எடுத்துட்டுப் போம்மா, திருப்பித் தரலன்னாகூடப் பரவால்ல."

பார்த்தாயா, உன் குரலை ஒருவராவது ஞாபகம் வைத்திருக்கிறார். பஸ்ஸில் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வரும்போது எனக்கு அழுகை வந்தது. நீ ஆஸ்பத்திரியில் காய்ச்சலோடு கிடந்த பதினோரு நாளில் நான் இரண்டு தடவைதான் வந்தேன். முகூர்த்த மாசம், மிக்ஸிங் வேலை கிடந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீ என்னை ஒன்றுமே கேட்கவில்லை. அதுதான் இன்றைக்கும் தாங்கவில்லை.

நேற்று சாயங்காலம் நாலு மணிக்கு, கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ரெக்கார்டரை நடுவில் வைத்து ஓட்டினோம். இந்தத் தடவை முழுவதும். படம் மூச்சு வாங்கவில்லை. உப்பளம் அசையாமல் நின்றது, உப்பு உப்பாக இருந்தது. வானம், இன்ஜின் சத்தம், குவியலுக்கு முன்னால் நீலச் சட்டை. பவித்ரா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

முகம் மட்டும் தெரியவில்லை. முகம் இருக்கவேண்டிய இடத்தில் கரிக்கட்டை மாதிரி ஒரு இருட்டு. அந்த மூன்று தடவையும் மெஷின் காட்டிய கூத்தில் இதை நான் கவனிக்கவே இல்லை. இது மெஷின் இல்லை, டேப்பிலேயே இருப்பது. உப்பின் வெள்ளையைப் பார்த்துக் கேமரா தானாகக் கண்ணைச் சுருக்கிக்கொண்டதால் வந்தது. இதை எந்த ரெக்கார்டரும் சரி பண்ணாது.

"இது என் தப்புதாம்மா" என்றேன். "உங்கம்மா ஆஃப் பண்ணச் சொன்னா. நான் பண்ணல. எனக்குத் தெரியாதுன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு."

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நீ கையை ஆட்டி ஏதோ சொல்கிறாய், இன்ஜின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு நிமிடம் போனது. இரண்டு நிமிடம் போனது. டேப்பு கிரீச்சென்றது. நிறுத்திவிடலாமா என்று கையைக் கொண்டுபோனேன். அப்போது நீ நடக்க ஆரம்பித்தாய்.

எனக்கு இது சுத்தமாக மறந்தே போயிருந்தது. சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வரப்பில் வழுக்காமல், வயிற்றைத் தள்ளிக்கொண்டு விறுவிறுவென்று கேமராவை நோக்கி வருகிறாய். வர வர உன் நீலச் சட்டை பெரிதாகி உப்புக் குவியலை மறைத்தது. வெள்ளை மறைந்ததும் கேமரா தானாகவே கண்ணைத் திறந்தது. கொஞ்சம் கொஞ்சமாக, முதலில் நெற்றி, பிறகு மூக்குத்தி, பிறகு முழு முகமும் வெளிச்சத்துக்கு வந்தது. வேர்வை, கன்னத்தில் ஒட்டிய உப்பு, கோபத்தில் விரிந்த மூக்கு எல்லாம் தெரிந்தன. திரை முழுக்க நீதான். இன்ஜினைவிடச் சத்தமாகக் கேட்டது உன் குரல்.

"அறிவு இருக்குதாடி உனக்கு? ஆஃப் பண்ணியா இல்லயா? அங்கேருந்து தொண்டத் தண்ணி வத்தக் கத்துறேன், செவுட்டு முண்டம் மாதிரி நிக்கிற! தெரியலன்னா தெரியலன்னு சொல்லேன், நான் என்ன உன்ன முழுங்கிடவா போறேன்? குடு இங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தாய். உன் உள்ளங்கை வந்து லென்ஸை மூடியது. அவ்வளவுதான்.

அதற்குமேல் டேப்பு ஓடவில்லை. உள்ளே சிக்கி நைந்துவிட்டது, கத்தரித்துத்தான் எடுத்தேன். ஆனால் கம்ப்யூட்டரில் எல்லாம் ஏறியிருந்தது. பவித்ரா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்துகொண்டிருந்தது.

"ஐயோ ஆன்ட்டி, நான் வார்டுல கத்துறதும் இப்படியேதான்" என்றாள். "எங்கம்மா நல்லவங்க மட்டும் இல்ல, வாயாடியும்தான்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நல்ல வேளை ஆன்ட்டி, நீங்க ஆஃப் பண்ணல. பண்ணியிருந்தா அவங்க அங்கயே நின்னுருப்பாங்க."

பிறகு அவள், "இன்னொரு வாட்டி போடுங்க" என்றாள். போட்டேன். மறுபடி கேட்டாள், மறுபடி போட்டேன். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லேன் என்கிறாய். இருபத்து நாலு வருஷத்துக்குப் பிறகுதான் அது என் காதில் விழுந்தது. எனக்கு உடம்பு முடியவில்லை, கடையும் நெடுநாள் ஓடாது. இருந்தாலும் இந்தத் திட்டு என்னோடு இருக்கும். நீ சொன்ன மாதிரியே மூன்று தடவை ஓட்டிப் பார்த்துவிட்டேன். மூன்று தடவையும் நீ அதே இடத்தில்தான் வந்தாய்.